விட்டது யார், மிச்சம் யார் கையில்?

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



துண்டறிக்கையில் 'சிக்கனமாய் வாழ்வது எப்படி' என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். அதைப் பற்றி இந்தக் கூடத்தில் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு படி உளுந்தை எத்தனை நாளுக்கு இழுக்கலாம் என்று தெரிந்தவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேச வந்தது அதை ஒட்டிய வேறொரு விஷயம். கை இறுகும்போது ஒரு குடும்பம் எதை வாங்காமல் நிறுத்துகிறது? யாருடைய பொருளை முதலில் நிறுத்துகிறது? நிறுத்தியதில் மிஞ்சிய காசு கடைசியில் யாரிடம் போய்ச் சேருகிறது? இந்தக் கடைசிக் கேள்வியை நாம் அநேகமாகக் கேட்பதே இல்லை.

கோயம்புத்தூரில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். உங்களில் பலர் இதைச் சினிமாவாகவே பார்த்திருப்பீர்கள். அருணாசலம் முருகானந்தம் பட்டறைத் தொழிலாளி. 1998-இல் கல்யாணம். புது மனைவி முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டு போகிறார். என்னவென்று பார்த்தால், மாதவிலக்குக்கு வைத்திருக்கும் பழந்துணி. தன் வண்டியைத் துடைக்கக்கூட அப்படிப்பட்ட துணியை எடுக்க மாட்டேன் என்று பிற்காலத்தில் மேடைகளில் அவர் சொல்லியிருக்கிறார். கடையில் நாப்கின் விற்கிறதே, வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று மனைவியிடம் கேட்கிறார். வீட்டுப் பெண்கள் அதை வாங்க ஆரம்பித்தால் பால் வாங்குகிற காசில் கைவைக்க வேண்டி வரும் என்கிறார் மனைவி.

அதற்குப் பிறகு அவர் மலிவு விலை நாப்கின் செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தது, ஊரும் உறவும் அவரைப் பைத்தியம் என்றது, 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது எல்லாம் பத்திரிகைகளில் வந்துவிட்டன. எல்லோரும் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு மனம் நிற்பது அந்தப் பதிலில். கல்யாணமாகி வந்த ஒரு பெண், யாரும் சொல்லாமலேயே அந்த வீட்டின் வரவு செலவைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பால் எல்லோருக்குமானது. நாப்கின் தனக்கு மட்டுமானது. ஆகவே அது வேண்டாம். இந்த முடிவு எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. கூடவே இருந்த கணவருக்கும் தெரியவில்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டிராவிட்டால் கடைசிவரை தெரிந்திருக்காது.

கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அங்கே விடப்பட்டது வீட்டிலேயே விலை கூடிய பொருள் அல்ல. வீண்செலவும் அல்ல. பேசாமல் இருக்கக்கூடிய ஒருவருடைய பொருள், அவ்வளவுதான். இன்று நான் சொல்ல வந்ததே இதுதான். நம் வீடுகளில் எது விடப்படும் என்பதை விலைச்சீட்டு முடிவு செய்வதில்லை. அந்தப் பொருளை யார் அனுபவிக்கிறார்கள் என்பதே முடிவு செய்கிறது.

பொருளாதாரம் படித்தவர்கள் இங்கே எர்ன்ஸ்ட் எங்கெல்லை நினைத்துக்கொள்வார்கள். மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் வேறு, இவர் வேறு. இவர் ஜெர்மனியின் சாக்சனியில் புள்ளிவிவரத் துறையில் இருந்தவர். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை வைத்துக்கொண்டு 1857-இல் ஒரு முடிவுக்கு வந்தார். வருமானம் குறையக் குறைய, செலவில் சாப்பாட்டின் பங்கு கூடிக்கொண்டே போகும். கை இறுகினால் மற்றதெல்லாம் போன பிறகுதான் சோற்றில் கைவைப்பார்கள். நம் நாட்டுக் கணக்கும் அதையே சொல்கிறது. 1999-2000-இல் இந்தியக் கிராமத்துக் குடும்பச் செலவில் ஏறத்தாழ 59 சதவீதம் உணவுக்குப் போனது. 2022-23 குடும்பச் செலவு ஆய்வில் அது ஏறத்தாழ 46 சதவீதம். அரிசி, கோதுமை போன்ற தானியத்தின் பங்கு 22 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. நம் மாநிலத்தில் 2011 முதல் ரேஷன் அரிசிக்குக் காசே இல்லை. அதனால் அரிசியை விட வேண்டிய நிலை அநேகமாக இல்லை. இன்று உணவுச் செலவில் பெரிய பங்கு பானங்களுக்கும் பொட்டலத் தின்பண்டங்களுக்கும்தான் போகிறது.

எங்கெல் கணக்கில் ஒரு குறை உண்டு. ஒரு குடும்பத்தை அவர் ஒரே வயிறாக எண்ணிக்கொண்டார். வீட்டுக்குள் நாலு வயிறு இருக்கிறது, நாலுக்கும் நாலு தட்டு இருக்கிறது என்பது அந்தச் சதவீதங்களில் தெரியாது.

பாலையே எடுத்துக்கொள்வோம். ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு நாலரை சதவீதம், நீலத்தில் மூன்று. லிட்டருக்கு நாலு ரூபாய்தான் வித்தியாசம். 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட்டின் விலை லிட்டர் 48-இலிருந்து ஒரேயடியாக 60 ஆனபோது ஆரஞ்சிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து நீலத்துக்கும் நிறையப் பேர் இறங்கினார்கள். நல்ல யோசனைதான், நீலம் ஒன்றும் மட்டமான பால் அல்ல. ஆனால் பல வீடுகளில் முழுசாக இறங்குவதில்லை. பச்சை ஒன்று, நீலம் ஒன்று என்று வாங்குவார்கள். பச்சை, ஐயாவின் காப்பிக்கும் பிள்ளைகளின் டம்ளருக்கும். நீலம், தயிருக்கும் அம்மாவின் காப்பிக்கும். அந்தக் காப்பியும் இரண்டாம் டிகாக்‌ஷனில்தான் கலக்கப்படும். 2024-இல் உலகச் சந்தையில் காப்பிக்கொட்டை விலை ஏறியபோது, தூளில் சிக்கரியைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். முதல் டிகாக்‌ஷன் யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்ற வரிசையை மட்டும் எந்த விலை ஏற்றமும் மாற்றவில்லை.

அடுத்தது பூ. மார்கழிப் பனியில் மல்லிகை மொட்டு குறையும். பொங்கலை ஒட்டி மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ ஆயிரங்களில் போகும். அப்போது, ஒரு முழம் என்பது பூக்காரம்மாவின் முழங்கையில் பாதிவரைதான் வரும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் வாங்கும் விலை அப்படி. அந்த மாதம் பூவை நிறுத்துவது புத்திசாலித்தனம். ஆனால் தை போய் மாசி வந்து, விலை இறங்கிய பிறகும் பூ திரும்பி வருவதில்லை. 'அதெல்லாம் எதுக்கு, சாமிக்கு மட்டும் போதும்' என்று ஆகிவிடும். பூ என்றால் சிரிக்கிற ஆண்கள் இங்கே இருக்கலாம். தலையில் ஒரு முழம் பூ என்பது அந்த நாளில் அந்தப் பெண் தனக்கென்று செய்துகொண்ட ஒரே செலவாக இருந்திருக்கும். அதை ஆடம்பரம் என்று எழுதும் சிக்கனப் புத்தகங்களை நான் நம்புவதில்லை.

டீக்கடைக்கு வருவோம். அமெரிக்காவில் டேவிட் பாக் என்ற எழுத்தாளர் இதையே பெரிய தத்துவமாக்கி வைத்திருக்கிறார். கடையில் தினமும் குடிக்கும் காப்பியை விட்டு அந்தக் காசை முதலீடு செய்தால் கிழவயதில் செல்வந்தராகலாம் என்பார். நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். டீ 15 ரூபாய். மாதம் 450. அதை அஞ்சலகத் தொடர் வைப்பில், அதாவது ஆர்.டி.யில் போட்டால், 6.7 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டு முடிவில் 32,000 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைக்கும். கணக்கில் தவறில்லை.

ஆனால் பெயிண்ட் அடிக்கிறவர், கொத்தனார், சித்தாள், தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கிறவர் காலையில் டீக்கடையில் நிற்பது டீக்காக மட்டுமா? மேஸ்திரி வருவதும் அங்கேதான். எந்தத் தெருவில் வீடு எழும்புகிறது, எவர் கூலியை ஒழுங்காகக் கொடுப்பார், எவர் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அந்தக் கண்ணாடி டம்ளர் காலியாவதற்குள் தெரிந்துவிடும். அந்த 15 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் ஒருநாள் கூலியை விட்டால் மிச்சம் எங்கே இருக்கிறது? ஆகவே டீயை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொன்றை மட்டும் கேட்கிறேன். டீக்கடைக்குக் காரணம் சொல்ல எனக்கு இவ்வளவு சுலபமாக வருகிறது. பூவுக்கும் நாப்கினுக்கும் இதுபோல யாராவது எழுந்து காரணம் சொன்னதுண்டா? டாஸ்மாக்குக்குக்கூட உடம்பு வலி என்று ஒரு காரணம் இருக்கிறது.

செய்தித்தாளைப் பற்றி ஒரு வார்த்தை, இடம் நூலகம் என்பதால். 2020-இல் ஊரடங்கில் பேப்பரை நிறுத்திய வீடுகள் பல, பிறகு மறுபடி போடச் சொல்லவில்லை. வார இதழ்களின் கதி இன்னும் மோசம். பேப்பரை விட்டவர்கள் இங்கே வந்து வாசிக்கத் தயங்க வேண்டாம். நம் மாநிலத்தின் 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவில் முதலாவது. அதன்படி, வீட்டுக்குக் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி வசூலாகிறது. இங்கே மேசையில் கிடக்கிற பேப்பருக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் வாடகை வழியாகக் கொடுத்தாயிற்று.

விட்டதாக நினைத்துக்கொண்டு விடாமலிருக்கும் பொருள்களும் உண்டு. பெரிய பாட்டிலை விட்டுப் பாக்கெட்டுக்கு மாறுவது அந்த வகை. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழக்கம் கடலூர்க்காரர்களால் பரவியது. சின்னிகிருஷ்ணனும் அவர் பிள்ளைகளும் அதில் முன்னோடிகள். தினக்கூலிக்காரர் வீட்டுக்கு ஷாம்பூ போய்ச் சேர்ந்ததே அதனால்தான், அது நல்லதே. பிஸ்கட் கதை வேறு. விலை ஐந்து ரூபாயிலேயே நிற்கும். உள்ளே எடை மட்டும் ஆண்டுக்காண்டு இளைக்கும். இப்போது பொட்டலத்தில் மொத்த விலையோடு ஒரு கிராமுக்கு என்ன விலை என்றும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. எழுத்து பொடியாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். இரண்டு பொட்டலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும். பெரிதுதான் எப்போதும் மலிவு என்றும் இல்லை.

விடவே கூடாத ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை. 'ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிறேன்' என்பார்கள் வயதானவர்கள், குறிப்பாகப் பாட்டிமார்கள். மருத்துவரைக் கேட்காமல் பிரஷர் மாத்திரையை நிறுத்துவது பக்கவாதத்தில் கொண்டுபோய்விடக் கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இருந்தும், கையில் காசில்லாத அம்மாக்கள் 'பிள்ளைகளிடம் கேட்க வேண்டியிருக்கிறதே' என்று முதலில் நிறுத்துவது இதைத்தான்.

நாடே சேர்ந்து எதையாவது விட்ட காலங்களும் இருந்தன. 1965-இல் போரும் தானியப் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, வாரத்தில் ஒரு வேளைச் சோற்றை விடும்படி லால் பகதூர் சாஸ்திரி கேட்டார். திங்கட்கிழமை இரவு ஓட்டல்கள் அடுப்பு மூட்டவில்லை. மக்களிடம் கேட்பதற்கு முன்னால் தன் வீட்டில் அதைச் செய்து பார்த்தார் என்பார்கள். கேட்டவரே முதலில் விட்டார் என்பதால்தான் அந்த வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. 2015-இல் சமையல் எரிவாயு மானியத்தை வசதியுள்ளவர்கள் விட்டுக்கொடுக்கலாம் என்று அரசு கேட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விட்டார்கள். அதற்கு விளம்பரம் இருந்தது, பாராட்டு இருந்தது. வீட்டுக்குள் விடுகிறவருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் விட்டதே தெரியாது என்பதால் பாராட்டுக்கு வழியும் இல்லை.

பாராட்டு கிடக்கட்டும், காசு எங்கே போனது?

நம் பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சிறுவாடு. காய்கறியில் ஐந்து, பஸ்ஸில் ஏறாமல் நடந்ததில் பத்து என்று மிஞ்சியது கடுகு டப்பாவுக்கும் அரிசிப் பானைக்கும் பழைய பட்டுப்புடவை மடிப்புக்கும் போகும். ஏன் ஒளித்து வைத்தார்கள்? திருட்டுப் பணமா? வெளியே தெரிந்தால் வீட்டுத் தேவை ஒன்று உடனே முளைத்துவிடும் என்பதால்தான். வண்டிக்கு டயர், மைத்துனர் வீட்டு விசேஷத்துக்கு மொய், எதுவாவது. பெரும்பாலும் நியாயமான தேவையாகவே இருக்கும். ஆனால் அதில் அவருடைய பெயர் இருக்காது.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. கறுப்புப் பணம் எவ்வளவு வெளியே வந்தது என்பதைப் பொருளாதார வல்லுநர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கட்டும். சிறுவாட்டுப் பணம் வெளியே வந்தது, அதை நாம் எல்லோரும் பார்த்தோம். இரண்டரை லட்சம் வரை கணக்கில் போடும் இல்லத்தரசிகளைக் கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசு சொன்னது. அரசு கேட்கவில்லை. வீட்டில் கேட்டார்கள். 'இவ்வளவு வைத்துக்கொண்டா இல்லை என்றாய்' என்று கேட்டார்கள். பல வருஷம் பூவை விட்டு, துணியை விட்டு, நடந்தே போய்ச் சேர்த்தது, மாற்றித் தருவதற்காக ஒரே நாளில் கணவர் கைக்கோ மகன் கைக்கோ போயிற்று. மாற்றியது முழுக்கத் திரும்பி வந்த வீடுகளும் உண்டு. எல்லா வீடும் அப்படி இல்லை.

அந்த நடையைப் பற்றிச் சொன்னேன். பஸ் கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிஞ்சுகிறது என்றது. இதை 'ஓசி' என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்த 888 ரூபாய் பெண்ணின் கைக்கு நேராகப் போனது என்பதுதான் அவர்களுக்கு உறுத்தியது என்று எனக்கொரு சந்தேகம். 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் அப்படியே. அது அவர் கணக்கில்தான் ஏறுகிறது. ஆனால் குறுஞ்செய்தி போகும் கைபேசி யாரிடம் இருக்கிறது, ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று கேட்டால் சில வீடுகளில் பதில் மாறும்.

கைபேசி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2024 ஜூலையில் ரீசார்ஜ் கட்டணம் ஏறியபோது வீட்டில் இருக்கும் எண்களில் ஏதாவது ஒன்றை நிறுத்தலாம் என்ற பேச்சு வந்ததல்லவா? எந்த எண் என்று நான் சொல்லவும் வேண்டுமா? 'அம்மாவுக்கு இன்கமிங் போதும்' என்ற வாக்கியத்தை நான் மட்டும் கேட்டிருக்க முடியாது. பிள்ளையின் ஓ.டி.டி. சந்தாவோ மாதாமாதம் தானாகவே போய்க்கொண்டிருக்கும். கடைக்காரரிடம் எண்ணிக் கொடுக்கிற காசு கண்ணில் படும். தானாகக் கழிகிற காசு படாது. எனவே வெட்டு விழுவதும் எண்ணிக் கொடுக்கிற காசின் மேல்தான். வீட்டில் எண்ணிக் கொடுக்கிறவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியது விட்டவர் பெயரிலேயே நிற்கவும் ஒரு வழி உண்டு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது சேமிப்பு சொற்பத் தொகைதான். பெரும்பாலும் எதையாவது விட்டுத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். சிறுவாட்டுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம்: இங்கே பத்துப் பதினைந்து பேர் முன்னால் அவர் பெயருக்கு நேரே தொகை எழுதப்பட்டது. மறுநாள் மைத்துனர் வீட்டு மொய்க்கு அதை எடுக்க முடியாது. எடுப்பதென்றால் குழுவில் கேட்க வேண்டும், கடன் என்று எழுத வேண்டும், திருப்பிக் கட்ட வேண்டும். முருகானந்தத்தின் நாப்கின் இயந்திரங்கள் பலவும் இப்படிப்பட்ட குழுக்களிடம்தான் போய்ச் சேர்ந்தன.

அதனால் எதை விடலாம் என்று என்னிடம் பட்டியல் கேட்டு வந்தவர்களுக்கு என்னிடம் பட்டியல் இல்லை. சண்டை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். ஆளுக்கு ஒரு பொருள், தன் பொருளாகவே ஒன்றை விடட்டும். அப்பா பிள்ளையின் கிரிக்கெட் மட்டையை விடக் கூடாது. பிள்ளை அம்மாவின் ரீசார்ஜை விடக் கூடாது. விட்டதில் மிஞ்சும் தொகை விட்டவர் பெயரிலேயே போகட்டும். அஞ்சலக ஆர்.டி. மாதம் நூறு ரூபாயில் தொடங்கலாம். நூறு ரூபாய்க்கு ஐந்து ஆண்டு முடிவில் 7,136 ரூபாய் வரும். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே தொடங்கலாம். படிவம் நம் தபால் நிலையத்திலேயே கிடைக்கும், ஆதாரையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏழு மணிக்குக் கூடத்தைப் பூட்ட வேண்டும் என்று நூலகர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தீபாவளிச் சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று பின்வரிசையில் ஒரு அம்மா சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன். பிறகு மற்றவர்கள் கேளுங்கள்.